பருத்திக்காட்டு மேஸ்திரி ஜட்ஜ் ஆனார்

வெஸ்ட்மோர்லாந்து என்பது அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் தென்கோடியில் உள்ள ஒரு சிற்றூர். 1950ம் ஆண்டில் அங்கு வசித்தவர்கள் சுமார் 1,200 பேர். நம் பக்கத்துக் கணக்கில் நடுத்தரக் கிராமம்.

அந்த ஆண்டு நவம்பர் மாதம் அந்த ஊர் கோர்ட்டுக்கு ஜட்ஜ் தேர்தல் நடந்தது. ஜட்ஜுக்குத் தேர்தலா என்று வியக்க வேண்டாம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் ஜட்ஜ் பதவிக்கும் மக்கள்தான் ஓட்டுப் போடுகிறார்கள்.

ஜெயித்தவர் பஞ்சாபில் பிறந்த ஒரு விவசாயி. பெயர் தலீப் சிங் சௌந்த். வயது 51.

ஜெயித்தாரே தவிர, நாற்காலியில் உட்கார அவரை விடவில்லை. சட்டம் கேட்ட நாட்கணக்கில் சில வாரங்கள் குறைந்தன. அந்தச் சில வாரக் கணக்குக்குப் பின்னால் 25 வருடக் கதை இருக்கிறது.

மாம்பழக் கனவு

சௌந்த் 1899ம் ஆண்டு செப்டம்பர் 20ந் தேதி அமிர்தசரஸ் ஜில்லாவில் சஜுல்வாடி என்ற கிராமத்தில், ஒரு சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை பள்ளிக்கூடம் போனவர் அல்ல. காண்டிராக்ட் தொழிலில் வசதியாக இருந்தவர். மகனைப் படிக்க வைப்பதில் குறை வைக்கவில்லை.

ஜம்முவிலுள்ள கல்லூரியில் படித்து, 1919ல் பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் பி.ஏ. தேறினார். ஜாலியன்வாலாபாக் படுகொலை நடந்த ஆண்டு அது. நடந்ததும் அவருடைய சொந்த ஜில்லாவில்தான். காந்தியடிகளிடம் பக்தியும், ஆப்ரகாம் லிங்கனைப் படித்துப் படித்து அமெரிக்காவின் மேல் ஒரு ஆசையும் அந்த இளைஞருக்கு ஏற்பட்டிருந்தன.

1920ல் கப்பல் ஏறினார். திட்டம் மிகத் தெளிவானது. அமெரிக்காவில் பழங்களைப் பதம் செய்து டப்பாவில் அடைக்கும் தொழிலைக் கற்பது. இரண்டு வருடம், மிஞ்சினால் மூன்று வருடத்தில் ஊர் திரும்புவது. பஞ்சாபில் மாம்பழத்தை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை வைப்பது. வீட்டிலும் அப்படித்தான் சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

பிழைக்க வெளியூர் வந்த யாருக்கும் இந்த இரண்டு மூன்று வருடக் கணக்கு புதிது அல்ல.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி கல்லூரியில் சேர்ந்தார். ஸ்டாக்டன் நகரத்து குருத்வாராக்காரர்கள் இந்திய மாணவர்களுக்காக அங்கே ஒரு வீடு எடுத்து வைத்திருந்தார்கள். அதில் தங்கினார். கோடை விடுமுறையில் டப்பாத் தொழிற்சாலைகளில் கூலி வேலை. சில நாளில் மனம் மறுபடி கணிதத்தின் பக்கம் திரும்பியது. 1922ல் எம்.ஏ., 1924ல் டாக்டர் பட்டம். இந்திய மாணவர்களின் சங்கத்துக்குத் தலைவராகி, கிடைத்த மேடையில் எல்லாம் இந்திய சுதந்திரத்தைப் பற்றிப் பேசினார்.

பட்டம் கிடைத்தது. வேலை கிடைக்கவில்லை.

கோர்ட்டு மூடிய கதவு

அதற்கு ஒரு வருடம் முன்பு, 1923 பிப்ரவரியில், அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு ஒரு தீர்ப்புச் சொல்லியிருந்தது. வழக்கில் சம்பந்தப்பட்டவர் பகத் சிங் திண்ட். முதல் உலக யுத்தத்தில் அமெரிக்க ராணுவத்தில் சேவை செய்த சீக்கியர். அமெரிக்கப் பிரஜா உரிமை கேட்டார். வெள்ளையருக்கும் ஆப்பிரிக்க வம்சத்தாருக்கும் மட்டுமே அந்த உரிமை உண்டு என்பது அன்றைய சட்டம். இந்தியர் வெள்ளையர் அல்ல, ஆகவே பிரஜை ஆக முடியாது என்று கோர்ட்டு முடிவு செய்தது. முன்பே பிரஜா உரிமை பெற்றிருந்த இந்தியர் பலரிடமிருந்தும் அது பறிக்கப்பட்டது.

பிரஜை ஆக முடியாது என்றால் ஓட்டு இல்லை என்பதோடு நிற்கவில்லை. கலிபோர்னியாவில் 1913லும் 1920லும் வந்த நிலச் சட்டங்களின்படி, பிரஜை ஆகத் தகுதியில்லாத அன்னியர் விவசாய நிலம் வாங்கக் கூடாது. குத்தகைக்கும் எடுக்கக் கூடாது. முக்கியமாக ஜப்பானியரை மனதில் வைத்துப் போட்ட சட்டம். இந்தியரும் அதில் மாட்டிக் கொண்டார்கள்.

1925 கோடையில் சௌந்த் தெற்கே இம்பீரியல் பள்ளத்தாக்குக்குப் போனார். கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கும் பாலைவனம் அது. கொலராடோ ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டித் தண்ணீர் கொண்டு வந்து விளைநிலம் ஆக்கியிருந்தார்கள். கோடையில் வெயில் 110 டிகிரியைத் தாண்டும். பஞ்சாபிகள் அங்கே முன்பே குடியேறி இருந்தார்கள். அவர்களில் பலர் மெக்சிகோ நாட்டுப் பெண்களை மணந்து குடும்பம் நடத்தினார்கள்.

அங்கே சௌந்துக்குக் கிடைத்த வேலை, பருத்தி எடுக்கும் கூலியாட்களுக்கு மேஸ்திரி. கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவருக்கு!

பிறகு சொந்தமாகப் பயிர் செய்யத் தொடங்கினார். இந்திய விவசாயிகள் வெள்ளைக்கார நண்பர் யாராவது ஒருவர் பெயரில் குத்தகைப் பத்திரம் எழுதி வைத்துத்தான் அங்கே உழ முடிந்தது. பாடுபடுவது ஒருவர், பத்திரத்தில் பெயர் இன்னொருவருக்கு. நம்பிக்கை ஒன்றுதான் பாதுகாப்பு.

உலகம் முழுவதும் தொழில் படுத்த 1930களில் விளைபொருள் விலை விழுந்து அவரும் கடனாளி ஆனார். அப்போது அமெரிக்காவில் எத்தனையோ பேர் மஞ்சள் கடிதாசு கொடுத்துத் தப்பித்தார்கள். சௌந்த் கொடுக்கவில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டுக் கடனை அடைத்தார். பின்னாளில் அந்த ஊர் மக்கள் அவரை ஜட்ஜாகத் தேர்ந்தெடுத்ததற்கு எந்தப் பிரசாரத்தையும் விட இந்தக் கடன் கணக்குதான் அதிகம் உதவியிருக்கும்.

இதற்கிடையில் 1928ல் மேரியன் கோசா என்ற பெண்ணை மணந்தார். செக் நாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர். பிரஜை ஆகத் தகுதியில்லாதவரை மணக்கும் அமெரிக்கப் பெண் தன் பிரஜா உரிமையையும் இழப்பாள் என்று அப்போது ஒரு சட்டம் இருந்தது. 1931ல்தான் அதை மாற்றினார்கள். ஒரு மகன், இரண்டு மகள்கள் பிறந்தார்கள்.

காதரின் மேயோ என்ற அமெரிக்க அம்மையார் இந்தியாவை இழிவுபடுத்தி எழுதிய புத்தகம் அந்தக் காலத்தில் உலகமெங்கும் பரபரப்பாக விற்றது. அதற்குப் பதிலாக ஒரு புத்தகம் எழுதும்படி ஸ்டாக்டன் குருத்வாரா சௌந்தைக் கேட்டுக் கொண்டது. 1930ல் அது வெளியாயிற்று.

நூறு பேருக்கு இடம்

இரண்டாவது யுத்த காலத்தில் காற்று மாறியது. இந்திய வீரர்கள் நேச நாடுகளின் பக்கம் சண்டை போட்டுக் கொண்டிருந்தார்கள். 1942ல் சௌந்தும் நண்பர்களும் ஒரு இந்திய சங்கத்தை அமைத்தார்கள். அவர் அதற்குத் தலைவர் ஆனார். பிரஜா உரிமைச் சட்டத்தைத் திருத்தும்படி ஊர் ஊராகப் பேசினார். பணமும் திரட்டினார். கிழக்குக் கரையில் ஜே.ஜே. சிங் தலைமையில் வேறொரு சங்கம் இதே வேலையைச் செய்தது.

1946 ஜூலை 2ந் தேதி ஜனாதிபதி ட்ரூமன் கையெழுத்துப் போட்டார். இந்தியர்கள் பிரஜை ஆகலாம். வருடத்துக்கு 100 இந்தியர் குடியேறலாம். நாற்பது கோடி மக்கள் கொண்ட நாட்டுக்கு வருடம் நூறு இடம் என்பது பிச்சை போட்ட மாதிரிதான். ஆனால் முன்பே அங்கே பாடுபட்டுக் கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய விடுதலை.

மனுப் போட்டு, காத்திருந்து, 1949ம் ஆண்டு டிசம்பர் 16ந் தேதி சௌந்த் அமெரிக்கப் பிரஜை ஆனார். அந்தத் தேதியை நினைவில் வைத்துக் கொள்வது நல்லது.

இரண்டு தேர்தல்

மறு ஆண்டே ஜட்ஜ் தேர்தலில் நின்றார். 1950 நவம்பரில் ஜெயித்தும் விட்டார்.

தேர்தல் நடக்கும்போது வேட்பாளர் பிரஜை ஆகி ஒரு வருடமாவது நிறைந்திருக்க வேண்டும் என்பது விதி. நவம்பருக்கும் டிசம்பர் 16க்கும் இடையே ஐந்தாறு வாரம் பாக்கி இருந்தது. தேர்தல் செல்லாது என்று ஆகிவிட்டது.

25 வருடம் அந்த மண்ணில் இருந்தவரை ஐந்தாறு வாரத்தைக் காட்டி வெளியே நிறுத்தினார்கள். சட்டப்படி அது சரிதான். வேறு ஒருவராக இருந்தால் அத்துடன் வயலைப் பார்க்கப் போயிருப்பார்.

சௌந்த் போகவில்லை. 1952ல் மறுபடி நின்றார். இந்தத் தடவை நாட்கணக்கில் குறை சொல்ல முடியாது. ஆகவே பிறப்பைப் பற்றிப் பேச்சு வந்தது.

ஒரு நாள் சாப்பாட்டுக் கடையில் பலர் கூடியிருந்த சமயம். எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எல்லாரும் கேட்கும்படி அவரைச் சீண்டினார். நீர் ஜட்ஜாக வந்தால் கோர்ட்டுக்கு வருகிறவர்களுக்குத் தலைப்பாகையை நீரே கொடுப்பீரா, நாங்கள் காசு கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு வர வேண்டுமா என்று கேட்டார். சௌந்த் கட்டுவதை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனாலும் அவர் தலைப்பாகையைப் பற்றிக் கோபிக்கவில்லை. ஒருவர் தலைக்கு மேல் என்ன வைத்திருக்கிறார் என்பது தமக்கு அக்கறை இல்லை, தலைக்குள் என்ன இருக்கிறது என்பதே தம் கவலை என்று பதில் சொன்னார். கடையில் இருந்தவர்கள் சிரித்து விட்டார்கள். ஊர் முழுவதும் அந்தப் பதில் பரவியது.

தேர்தலில் சௌந்த் வென்றார். 1953 ஜனவரியில் பதவி ஏற்றார்.

அந்த 1952லேயே இன்னொரு காரியமும் நடந்தது. அன்னியர் நிலச் சட்டம் செல்லாது என்று கலிபோர்னியா மாநில சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது. வழக்குப் போட்டவர் செய் ஃபுஜி என்ற ஜப்பானியர்.

சின்னக் கோர்ட்டு

அவர் உட்கார்ந்தது பெரிய கோர்ட்டு அல்ல. ஜஸ்டிஸ் கோர்ட்டு என்று பெயர். மாநிலத்தின் கோர்ட்டுகளில் கடைசிப் படி அதுதான். லாரியை வேகமாக ஓட்டியவர், குடித்துவிட்டு ரகளை செய்தவர், அடிதடி, சில்லறைத் திருட்டு, சிறு தொகைக் கடன் வழக்கு, இவைதான் அங்கு வரும். கொலை, கொள்ளை போன்ற பெரிய குற்றமானால் ஆரம்ப விசாரணை மட்டும் செய்து மேல் கோர்ட்டுக்கு அனுப்ப வேண்டும்.

நம் மாநிலத்தில் கிராம முன்சீப்புகள் இருந்த காலத்தில் சிறு வழக்குகளை அவர்களே விசாரித்துத் தீர்த்தது வயதானவர்களுக்கு நினைவிருக்கும். முன்சீப் வேலை பரம்பரையாக வந்தது. 1980ல் அது ஒழிக்கப்பட்டது. வெஸ்ட்மோர்லாந்து ஜட்ஜ் வேலை ஓட்டில் வந்தது. அந்த ஒரு வித்தியாசம் பெரிது.

ஜஸ்டிஸ் கோர்ட்டு ஜட்ஜுக்கு வக்கீல் பட்டம் வேண்டியதில்லை. சௌந்த் சட்டக் கல்லூரிக்குப் போனதே இல்லை. வயல் வேலையும் உர வியாபாரமும் பார்த்துக் கொண்டே கோர்ட்டையும் நடத்தினார்.

இது சரிதானா என்ற கேள்வி அமெரிக்காவிலேயே உண்டு. சட்டம் படிக்காதவர் ஒரு மனிதனை ஜெயிலுக்கு அனுப்பலாமா? அனுப்பக் கூடாது என்று 1974ல் கலிபோர்னியா சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. ஜெயில் தண்டனை வரக்கூடிய வழக்கை வக்கீல் அல்லாத ஜட்ஜ் விசாரிப்பது நியாயம் ஆகாது என்பது அந்தத் தீர்ப்பு. அதில் குறை காண முடியாது. ஆனால் அந்தக் கதவு அப்படித் திறந்திருந்ததால்தான் ஒரு பருத்திக்காட்டு மேஸ்திரி உள்ளே போக முடிந்தது என்பதும் உண்மை.

வெஸ்ட்மோர்லாந்து சின்ன ஊரே தவிர சாதுவான ஊர் அல்ல. அறுவடைக் காலத்தில் கையில் கூலிப் பணத்துடன் ஆட்கள் திரிவார்கள். அந்தப் பணத்தைக் கறக்கச் சூதாட்டமும் விபசாரமும் நடந்தன. இதெல்லாம் இருக்கிறதுதானே என்று ஊர்ப் பெரியவர்கள் கண்ணை மூடிக் கொண்டிருந்த காலம்.

புதிய ஜட்ஜ் கண்ணை மூடவில்லை. இத்தகைய வழக்குகள் வந்தபோது கடுமையான தண்டனை விதித்தார். கண்டிப்பான ஜட்ஜ் என்று பெயர் வந்தது. ஊர் அடங்கியது. வெளியிலிருந்து வந்தவர் என்பதால் தயங்கித் தயங்கி நடப்பார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன்பு நாட்கணக்குப் பார்த்து அவரைத் தள்ளியது சட்டம். அதற்கு முன் நிலத்தை மறுத்ததும் சட்டம். பிரஜா உரிமையை மறுத்ததும் சட்டம். அந்தச் சட்டத்தையே கையில் எடுத்துக் கொண்டு அதே மக்களுக்கு நீதி சொல்ல அவர் உட்கார்ந்தார். முன்பு அவர் பெயரில் குத்தகைப் பத்திரம் எழுத முடியாது. இப்போது தீர்ப்பின் கீழே அவர் கையெழுத்து.

மறுபடியும் நாட்கணக்கு

நான்கு வருடம் அந்தக் கோர்ட்டில் இருந்தார். டெமாக்ரடிக் கட்சியின் ஜில்லாக் கமிட்டித் தலைவரும் ஆனார். 1956ல் அமெரிக்கப் பார்லிமெண்டான காங்கிரசுக்குப் போட்டியிட்டார். ரிவர்சைட், இம்பீரியல் என்ற இரண்டு ஜில்லாக்கள் சேர்ந்த தொகுதி.

சொந்தக் கட்சிக்குள்ளேயே அவரை எதிர்த்து நின்ற ஒருவர் கோர்ட்டுக்குப் போனார். காங்கிரஸ் அங்கத்தினர் ஆக 7 வருடம் பிரஜையாக இருக்க வேண்டும், சௌந்துக்கு அது நிறையவில்லை என்பது அவர் வாதம். மறுபடியும் அதே நாட்கணக்கு!

இந்தத் தடவை கணக்கு சௌந்த் பக்கம் இருந்தது. 1956 டிசம்பர் 16ல் 7 வருடம் முடியும். காங்கிரஸ் கூடுவது 1957 ஜனவரி 3ந் தேதி. பதினெட்டு நாள் மிச்சம். வழக்குத் தள்ளுபடி ஆயிற்று.

ரிபப்ளிகன் கட்சி வேட்பாளர் சாமானியர் அல்ல. ஜாக்குலின் காக்ரன், ஒலியை மிஞ்சிய வேகத்தில் விமானம் ஓட்டிய முதல் பெண்மணி. கணவர் பெரிய கோடீசுவரர். அம்மையார் சொந்த விமானத்தில் பறந்து பறந்து ஓட்டுக் கேட்டார். சௌந்த் குடும்பத்தோடு வீடு வீடாக நடந்தார். மனைவியும் பிள்ளைகளும் வாக்காளர் பட்டியலில் ஆள் சேர்த்தார்கள். இறைச்சி சுட்டு விருந்து போட்டுக் கூட்டம் நடத்தினார்கள்.

நவம்பர் 6ந் தேதி ஓட்டுப்பதிவு. ஜனாதிபதி தேர்தலில் ரிபப்ளிகன் கட்சியின் ஐசனோவர் கலிபோர்னியாவை அள்ளிக் கொண்டு போனார். ஆனால் அந்தத் தொகுதியில் சௌந்த் சுமார் 3 சதவீத ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அமெரிக்கக் காங்கிரசில் நுழைந்த முதல் இந்தியர், முதல் சீக்கியர், ஆசியாவில் பிறந்து முழு ஓட்டுரிமையோடு அங்கே உட்கார்ந்த முதல் அங்கத்தினர் அவரே.

அதே நாள், அதே ஓட்டுச்சீட்டில், கலிபோர்னியா மக்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்கப்பட்டிருந்தது. கோர்ட்டு செல்லாது என்று சொன்ன அன்னியர் நிலச் சட்டத்தைப் புத்தகத்திலிருந்தே நீக்கி விடலாமா என்பது கேள்வி. நீக்கலாம் என்று மக்கள் ஓட்டுப் போட்டார்கள்.

வாஷிங்டனில் அவருக்கு வெளிநாட்டு விவகாரக் கமிட்டியில் இடம் கிடைத்தது. புது அங்கத்தினருக்கு அது எளிதில் கிடைப்பது அல்ல. 1957 கடைசியில் ஆசிய நாடுகளுக்குச் சுற்றுப்பயணம் வந்தவர், இந்தியாவுக்கும் வந்து சஜுல்வாடி போனார். இரண்டு மூன்று வருடத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டுப் போனவர், 37 வருடம் கழித்து ஊருக்குள் நுழைந்தார். மாம்பழத் தொழிற்சாலை வைக்கவில்லை என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

1958லும் 1960லும் மறுபடி ஜெயித்தார்.

கடைசி ஆண்டுகள்

1962 மே 1ந் தேதி வாஷிங்டனுக்கு விமானத்தில் போய்க் கொண்டிருந்தபோது பக்கவாதம் தாக்கியது. பேச்சுப் போயிற்று. நடக்கவும் துணை வேண்டி வந்தது. மேடை மேடையாகப் பேசி உயர்ந்தவருக்கு இதைவிடப் பெரிய அடி இருக்க முடியாது. அந்த நிலையிலும் நவம்பர் தேர்தலுக்கு அவர் பெயரே வேட்பாளர் பட்டியலில் இருந்தது. பேச முடியாத வேட்பாளருக்காக மற்றவர்கள் ஓட்டுக் கேட்டார்கள். தோற்றார்.

அதன் பின் 11 ஆண்டுகள் மேரியன் அம்மையார் உடனிருந்தார். 1973 ஏப்ரல் 22ந் தேதி ஹாலிவுட்டில் சௌந்த் காலமானார். வயது 73.

அவருக்குப் பிறகு அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையில் இந்திய வம்சத்தவர் ஒருவர் நுழைய 42 ஆண்டுகள் ஆயின. 2005 ஜனவரியில் பாபி ஜிந்தால் பதவி ஏற்றார். 2016ல் இல்லினாய் மாநிலத்திலிருந்து வென்ற ராஜா கிருஷ்ணமூர்த்தி தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்.

ஜஸ்டிஸ் கோர்ட்டுகளைக் கலைத்துவிட 1994ல் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டார்கள். 1995 முதல் அந்தப் பெயரில் கோர்ட்டு எதுவும் இல்லை. அவர் காங்கிரசுக்குப் போன தொகுதியில் இருந்த டெமெகுலா என்ற ஊரில், 2005 முதல் தபாலாபீசுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள்.